வாய்வல்லமையும் பகடையும்: யாழ்ப்பாணத்து ஆட்டக்குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

2024இல் யாழ்ப்பாணத்தில், பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுக் குழு ஒன்றுக்குள் எழுந்த சிக்கலையும் அது எப்படிப் போய் முடிந்தது என்பதையும் இங்கே பதிகிறேன். குழுவில் ஆறு பேர். ஞாயிறு பின்னேரங்களில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வீட்டு மேல்மாடியில் கூடுவோம். நானும் அதில் ஒரு ஆட்டக்காரன். ஒவ்வொரு அமர்விலும் நடந்ததைக் கொப்பியில் எழுதி வைக்கும் வேலையும் என்னுடையதுதான். அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் இதை எழுதினேன். மற்ற ஐந்து பேரும் வாசித்துச் சரி சொல்லியிருக்கிறார்கள். பெயர்களை விட்டுவிட்டு ஆளாளுக்கு ஒரு அடையாளம் வைத்திருக்கிறேன்.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஒருவர் நடத்துநர். அவர் இடத்தையும் சூழலையும் சொல்லுவார். காவல்காரன், கடைக்காரன், எதிரி என்று வருகிற எல்லாருக்காகவும் அவரே கதைப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, அதன் திறன்களுக்குப் புள்ளி பிரித்துத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, "நான் இதைச் செய்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு போவார்கள். செய்தது பலிக்குமா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருளும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகையில் முதலில் விற்பனைக்கு வந்தது. போர் விளையாட்டுகளிலிருந்து வளர்ந்தது என்பதால் இன்றைக்கும் அதன் விதிகளில் பெரும்பங்கு சண்டைக்குத்தான். வாள் பட்டதா, எவ்வளவு பட்டது என்பதற்கு அதில் பக்கம் பக்கமாக இருக்கிறது. ஒரு ஆளைக் கதைத்து மசிய வைப்பதற்கு இருப்பது கொஞ்சம். எங்கள் சிக்கல் முளைத்தது அந்த இடைவெளியில்தான் என்பது என் எண்ணம்.

நாங்கள் ஆடியதும் அதன் ஐந்தாம் பதிப்பைத்தான். அதன் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டதால், பல்கலைக்கழகப் பக்கத்துக் கடையில் போட்டோக்கொப்பி அடித்துக்கொண்டோம். கனடாவிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் கொண்டுவந்த ஒரு செட் பகடை இருந்தது. அது கைக்கு எட்டாதவர்கள் ஃபோனில் உருட்டினார்கள்.

கதைக்களம் எங்கள் ஊரேதான். 1619இல் சங்கிலி மன்னன் பிடிபட்டு, போர்த்துக்கேயர் ஆட்சி வந்து சில வருடங்கள் ஆன யாழ்ப்பாணம். பூதம், மந்திரம் எல்லாம் மிகக் குறைவு. இந்தக் களத்தை எல்லாரும் ஆசைப்பட்டுத்தான் தெரிந்தெடுத்தோம். அது என்ன விலை கேட்கும் என்று அப்போது ஒருவரும் யோசிக்கவில்லை.

யார் யார்

நடத்துநர் மென்பொருள் வேலை செய்யும் இளைஞர். பேச்சாளர் டியூசன் வாத்தியார். பள்ளிக்கூடக் காலத்தில் விவாத மேடைகளில் பெயர் எடுத்தவர். அவருடைய பாத்திரம் அரண்மனைக் காவலனாக இருந்து வேலை இழந்த ஒரு படைவீரன். பலம் நிறைய, வசீகரம் மிகக் குறைவு. தங்கச்சி என்று நான் இங்கே குறிப்பவர் வங்கியில் வேலை செய்பவர், குழுவில் ஆகக் குறைவாகக் கதைப்பவர். ஆனால் அவர் எடுத்த பாத்திரம் போர்த்துக்கேயக் கப்பித்தானிடம் (அதிகாரியிடம்) வேலை பார்க்கும் துபாசி, அதாவது மொழிபெயர்த்துச் சொல்பவள். புள்ளிகளில் பெரும்பங்கைப் பேச்சுத்திறனுக்கே போட்டிருந்தார். நாலாமவர் வல்வெட்டித்துறைக்காரர், தலைமுறையாகக் கடலோடிய குடும்பம், பாத்திரமும் ஒரு தண்டையல், அதாவது வள்ளத்தின் தலைவன். ஐந்தாமவர் கணக்காளர். விதிப்புத்தகம் அவருக்கு மனப்பாடம், அதை அடிக்கடி ஞாபகப்படுத்தவும் செய்வார். மற்றது நான்; பாக்கு வியாபாரி ஒருவனாக ஓரத்தில் இருந்தேன்.

கவனித்தவை

முதல் சில அமர்வுகள் கலகலப்பாகப் போயின. பேச்சாளர் வாய் திறந்தால் மற்றவர்கள் வடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்கள். சுங்கத் துறையில் மறிக்கிற காவல்காரனிடம் அவருடைய படைவீரன் தன் தாய், தன் வயல், நல்லூரில் இடிந்து கிடக்கும் கோயில் என்று கதைக்கத் தொடங்கினால் காவல்காரன் என்ன, நடத்துநரே இளகிவிடுவார். "சரி அண்ணை, இதுக்குப் பகடை எல்லாம் வேண்டாம், விடுறான்" என்பார். பகடை கேட்டாலும் எட்ட வேண்டிய இலக்கு எண்ணைக் குறைத்துத்தான் கேட்பார்.

துபாசியின் முறை வரும்போது தங்கச்சி ஒரு வரிதான் சொல்வார்: "நான் அவரைச் சமாதானப்படுத்துறன்." நடத்துநர் உடனே, "என்ன சொல்லிச் சமாதானப்படுத்துறீங்கள்? சொல்லிக் காட்டுங்கோ" என்பார். அவர் திணறுவார். பிறகு வழமையான இலக்கோடு பகடை உருளும்.

கணக்காளர் ஒரு நாள் இதைக் கணக்காகப் போட்டுக் காட்டினார். ஐந்தாம் பதிப்பில் இருபது பக்கப் பகடை ஒன்றை உருட்டி, பாத்திரத்தின் திறன் எண்ணைக் கூட்டி, நடத்துநர் வைத்த இலக்கை எட்டினால் வெற்றி. நடுத்தரச் சிரமத்துக்கு இலக்கு 15. துபாசியின் பேச்சுத்திறன் +5. பகடையில் 10 விழுந்தால் போதும், வாய்ப்பு 55 வீதம். படைவீரனுக்கு −1, 16 விழ வேண்டும், 25 வீதம்தான். தாளின்படி இரண்டு பேருக்கும் இடையே 30 வீத வித்தியாசம். பேச்சாளர் கதைத்து முடித்ததும் இலக்கு 10க்கு இறங்கினால் அவருடைய வாய்ப்பு 50 வீதம். இரண்டு பாத்திரமும் ஏறக்குறையச் சமம். பகடையே வேண்டாம் என்று விட்டுவிட்டால் அவருக்கு நூறு வீதம். துபாசிக்குப் போட்ட அத்தனை புள்ளியும் வீண்.

யாரும் திட்டமிட்டு இதைச் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல பேச்சுக்குத் தலையாட்டுவது எங்கள் ஊர்ப் பழக்கம். பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த ஊர் இது. நடத்துநர் இரங்கியது ரசிகனாகத்தான்.

இதே காலத்தில் எதிர்ப்பக்கமாகவும் ஒன்று நடந்தது. மண்டைதீவுப் பக்கம் இரவில் வள்ளம் வலித்துக்கொண்டு போகும்போது தண்டையலுக்குப் பகடையில் 3 விழுந்தது. நடத்துநர் வள்ளம் கவிழ்ந்தது என்றார். இரண்டு பேர் மூழ்குகிறார்கள், உயிர்காக்கப் பகடை போடுங்கள் என்றார். வல்வெட்டித்துறைக்காரர் சிரித்துவிட்டார். "தம்பி, அது பரவைக்கடல். இடுப்பளவு தண்ணி. எழும்பி நிண்டால் சரி." நடத்துநர் விதியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வரவில்லை. அன்றைக்கு இரண்டு பாத்திரங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் சாகப்பார்த்தன. பேச்சுக்கு விடுகிற இளக்கத்தில் பாதியையாவது கடல் தெரிந்தவருக்கு விட்டிருக்கலாம்.

யமுனா ஏரி அமர்வு

வெடித்தது அதற்குப் பிறகு வந்த அமர்வில். நல்லூரில் எங்கள் பாத்திரங்கள் அகப்பட்டுக்கொண்டன. வெளியே போக ஒரே வழி, போர்த்துக்கேயக் காவல் நிற்கும் தெரு. அந்தத் தெருவில் துபாசி தன் எசமானின் பெயரைச் சொல்லி எல்லாரையும் கடத்திக்கொண்டு போகலாம் என்று நடத்துநர் ஒரு காட்சியை முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்தார். தங்கச்சி அதற்காக வீட்டிலிருந்து ஒரு துண்டில் சில வரிகள் எழுதிக்கொண்டு வந்திருந்தார் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது.

பேச்சாளர் முந்திக்கொண்டார். யமுனா ஏரியிலிருந்து அரண்மனைப் பக்கமாக ஒரு சுரங்கம் போகிறது, அரண்மனைக் காவலனாக இருந்த தன் பாத்திரத்துக்கு அது தெரியும் என்றார். ப வடிவ ஏரி, பாசி பிடித்த படி, நாலாவது படிக்குக் கீழே ஒரு கல், அந்தக் கல்லைத் தன் தகப்பன் தனக்குக் காட்டிய நாள் என்று விவரித்துக்கொண்டே போனார். வடிவான விவரிப்பு, அதை மறுக்க முடியாது. அப்படி ஒரு சுரங்கம் இருந்ததாக ஊரில் கதைப்பதை நாங்கள் எல்லாரும் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். நடத்துநரும் கேட்டிருக்கிறார். அவர் தலையாட்டினார். காவல் தெரு தேவையில்லாமல் போயிற்று.

கணக்காளர் வழக்காட வந்தார். அவருடைய ஆட்சேபம் வேறு திசையில் போனது: சுரங்கத்துக்கு ஆதாரம் என்ன, போன கிழமை கோட்டைக்கு ஐந்து மூலை என்று சொன்னீர்கள், ஐந்து மூலைக் கோட்டை 1658க்குப் பிறகு ஒல்லாந்தர் கட்டியது, போர்த்துக்கேயர் காலத்தில் நாலு மூலைதான், இப்படியே விட்டால் வரலாறு எங்கே போய் நிற்கும் என்று. கொஞ்ச நேரம் எல்லாரும் கோட்டையின் மூலையை எண்ணிக்கொண்டிருந்தோம்.

அந்தச் சத்தத்துக்குள் தங்கச்சி தன் தாளை மடித்தார். நடத்துநர் என்னவென்று கேட்டபோதுதான் கதைத்தார்: "எனக்குக் கதைக்க வராது அண்ணை. அவளுக்கு வரும். அதுக்குத்தானே தாளில எழுதி வைச்சிருக்கு. அந்த அண்ணையின்ர ஆள் பத்துப் பேரைத் தூக்குவான் எண்டு தாளில இருக்கு; நீங்கள் அவரைக் கதிரையைத் தூக்கிக் காட்டச் சொல்லேல்லையே."

இந்தக் கேள்விக்கு மேசையில் ஒருவரிடமும் பதில் இல்லை. அமர்வு அத்தோடு நின்றது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அடுத்த ஞாயிறு பகடை எடுக்காமல், பிளேன்ரீயோடு உட்கார்ந்து கதைத்தோம். பேச்சாளர் வரவில்லை, மனம் நொந்திருந்தார். ஃபோனில் சேர்ந்துகொண்டார்.

முதலில் மூன்று யோசனைகளைக் கைவிட்டோம். எல்லாவற்றையும் விதிப்புத்தகத்தின்படி மட்டுமே தீர்ப்பது என்று கணக்காளர் சொன்னார். பரவைக்கடல் சம்பவமே அதற்கு மறுப்பு. பேச்சாளருக்கு நேரக் கட்டுப்பாடு வைக்கலாம் என்று ஒரு குரல் வந்தது. அது தண்டனை மாதிரி இருக்கும், அதோடு ஒருவரைச் சுருக்கினால் இன்னொருவருக்கு வாய் வந்துவிடாது. வேறு விளையாட்டுக்கு மாறலாம் என்பது நடத்துநரின் யோசனை. 2010இல் வந்த அப்போகலிப்ஸ் வேர்ல்ட் வழி விளையாட்டுகளில் இரண்டு ஆறுபக்கப் பகடைகளை உருட்டுவார்கள். திறன் எண்ணையும் சேர்த்த கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் என்றால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை விலை கொடுத்து வெற்றி, 6 அல்லது அதற்குக் கீழே என்றால் நடத்துநர் கை ஓங்கும். திறன் எண் +1 உள்ளவருக்கு அந்த நடுப்பகுதி விழும் வாய்ப்பு 44 வீதத்துக்கு மேல். கதையை முன்னே தள்ளுவதற்கென்றே செய்த அமைப்பு அது. எனக்கும் பிடிக்கும். ஆனால் சிக்கல் எங்கள் பழக்கத்தில் இருந்தது. அந்தப் பழக்கம் எந்த விளையாட்டுக்கும் கூடவே வரும் என்று தங்கச்சி சொன்னார். சரியான பேச்சு.

பிறகு ஒத்துக்கொண்டது இது. ஒருவர் எதையாவது முயலும்போது நடத்துநர் பகடைக்கு முன்னால் மூன்று கேள்வி கேட்பார். என்ன வேண்டும்? எதைப் பிடித்து அதை எடுக்கிறீர்கள்? தவறினால் என்ன ஆகும்? மூன்றுக்கும் ஒரு வரிப் பதில் போதும். நீட்டிச் சொல்ல விரும்புகிறவர் நீட்டலாம், அதற்குத் தடை இல்லை, ஆனால் எண் மாறாது. எண்ணை மாற்றுவது இரண்டாம் கேள்வியின் பதில் மட்டும். காவல்காரனுக்குச் சம்பளப் பாக்கி இருப்பது தெரிந்து அதைப் பிடித்தால் அது ஒரு பிடி. கையில் எசமானின் முத்திரை இருந்தால் அதுவும் ஒரு பிடி. பிடி இருந்தால் ஐந்தாம் பதிப்பில் ஏற்கெனவே உள்ள சாதகம் என்ற விதி: இரண்டு தரம் உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்வது.

இலக்கைக் குறைக்காமல் சாதகத்தைத் தெரிந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. இலக்கு நடத்துநரின் மனதுக்குள் இருப்பது. ஐந்து குறைத்தாரா ஏழு குறைத்தாரா என்று மற்றவர்களுக்குத் தெரியாது. சாதகம் மேசையில் எல்லாருக்கும் முன்னால் விழுகிறது. அதோடு அந்த விதியின்படி சாதகம் அடுக்கப்படாது. ஒரு காரணம் இருந்தாலும் ஐந்து காரணம் இருந்தாலும் இரண்டு உருட்டல்தான். ஆகவே நீட்டிக் கதைத்து மேலும் மேலும் சேர்க்க வழியில்லை. கணக்காளர் இதையும் போட்டுக் காட்டினார்: இலக்கு 15க்குச் சாதகத்தோடு துபாசிக்கு ஏறக்குறைய 80 வீதம், படைவீரனுக்கு 44 வீதம். இருவரும் ஏறுகிறார்கள், தாளில் உள்ள வித்தியாசம் அழியவில்லை.

மூன்றாம் கேள்வி வல்வெட்டித்துறைக்காரருக்காக வந்தது. தோல்வி என்றால் என்ன என்பதைப் பகடைக்கு முன்னாலேயே பேசி முடிப்பது. அந்தத் துறை தெரிந்தவர் மேசையில் இருந்தால் அவரைக் கேட்டு முடிப்பது. பரவைக்கடலில் தவறினால் வள்ளம் சேற்றில் தட்டும், விடிவதற்குள் போய்ச் சேர முடியாது. மூழ்குவதை விட இது கதைக்கும் நல்லது, ஏனென்றால் விடிந்தால் காவலர் கண்ணில் படுவார்கள்.

கடைசியாகச் சுரங்கம். என் பார்வையில் முழு விவகாரத்திலும் கனமான பகுதி இதுதான். கற்பனை உலகத்தில் ஆடும்போது அந்த உலகத்தை அறிந்தவர் நடத்துநர் ஒருவர்தான். மலைக்குப் பின்னால் என்ன என்று கேட்டால் அவர் சொல்வதுதான் உண்மை. சொந்த ஊரை மேசையில் வைத்தால் அந்த அதிகாரம் கலைந்துவிடுகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு அம்மம்மா இருக்கிறார், ஒவ்வொரு அம்மம்மாவிடமும் ஒரு சுரங்கம் இருக்கிறது. அதை யார் முதலில், யார் நன்றாகச் சொல்கிறார்களோ அவர்களுக்கே ஊர் சொந்தம் என்று விட்டுவிட்டால் பேச்சாளர்தான் எப்போதும் வெல்வார்.

ஃபேட் என்ற விளையாட்டில் ஒரு புள்ளியைச் செலவழித்துக் கதையில் ஒரு விவரத்தை நிலைநிறுத்தலாம். அதைக் கடன் வாங்கினோம். ஒரு அமர்வுக்கு ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. அதைக் கொடுத்தால் ஊரைப் பற்றி ஒரு விவரம் உங்களுடையது. பகடை இல்லை, ஆதாரம் கேட்பதில்லை. ஏற்கெனவே எங்கள் ஆட்டத்தில் நடந்ததற்கு முரணாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு. அசல் வரலாற்றுக்கு முரண் என்பது ஆட்சேபமாக எடுபடாது என்பதைக் கணக்காளர் மூச்சு இழுத்து விட்டு ஏற்றுக்கொண்டார். இன்னொரு வரியும் சேர்த்தோம்: கொட்டை கொடுத்து வாங்குவது ஒன்று இருக்கிறது என்பதை மட்டும், அதன் பலனை அல்ல. சுரங்கம் இருக்கிறது. தண்ணீர் நிறைந்து கிடக்கிறதா, மறுமுனையில் யார் நிற்கிறார்கள் என்பது நடத்துநரின் கையில்.

பின்னர் நடந்தது

பேச்சாளர் இரண்டு அமர்வுகள் தள்ளி வந்தார். வந்த அன்றைக்கு மூன்று கேள்வியும் அவருக்குப் பரீட்சை மண்டபம் மாதிரி இருந்தது என்று நேரடியாகச் சொன்னார். பிறகு அவருக்கே உரிய வழியில் அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டார்: கதைக்கத் தொடங்குமுன் பிடி தேடித் தெருவில் நாலு பேரை விசாரிப்பார். அவருடைய படைவீரன் அப்போதுதான் முதல் தடவையாக மற்றவர்கள் சொல்வதைக் கேட்கத் தொடங்கினான்.

தங்கச்சி இப்போதும் ஒரு வரிதான் சொல்கிறார். ஆனால் குழு இன்றும் நினைத்துக் கதைக்கும் காட்சி அவருடையது. வன்னியிலிருந்து திறையாக வந்த யானைகளை எண்ணிப் பெறும் இடத்தில், கப்பித்தானுக்கும் வன்னி ஆட்களுக்கும் நடுவில் துபாசி நிற்கிறாள். அவர் சொன்னது: "கப்பித்தான் சொன்னதை மாத்திச் சொல்றன்." என்ன வேண்டும்? இரண்டு யானைகள் கணக்கில் வராமல் போக வேண்டும். எதைப் பிடித்து? கப்பித்தான் எண்ணுவதை அவளிடம் விட்டுவிட்டுப் பழகியிருக்கிறார். தவறினால்? மேசை கொஞ்சம் யோசித்தது. அவரே சொன்னார், கப்பித்தானுக்கு இவ்வளவு காலமும் தமிழ் விளங்கிக்கொண்டே இருந்திருக்கிறது என்று. சாதகத்தோடு உருட்டினார்; 4, 7. இலக்கு 15.

தோற்றுப்போன அந்த உருட்டல் அடுத்த பல அமர்வுகளின் கதையை மாற்றியது. அவர் தாளை மடிக்கவில்லை. விழுந்தது அவர் தானே வைத்த பணயம்.

புளியங்கொட்டை நினைத்த மாதிரி வேலை செய்யவில்லை. அதை முதலில் ஒருவரும் செலவழிக்கவில்லை. கடைசி நேரம் தேவைப்படும் என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கே கொண்டுபோனார்கள். அடுத்த அமர்வுக்கு எடுத்துச்செல்ல முடியாது என்று மாற்றியதும், அமர்வு முடியப்போகும் கால் மணித்தியாலத்துக்குள் ஊரில் திடீர் திடீரென்று கிணறுகளும் மாமன்மாரும் முளைத்தார்கள். கடைசியில், முதல் பாதிக்குள் செலவழிக்க வேண்டும் என்று வைத்தோம். ஓரளவு சீராகியது.

மூன்று கேள்விகளால் ஆட்டம் மெதுவானது. அதோடு கணக்காளர் அவற்றை நீதிமன்ற நடைமுறை மாதிரி ஆக்கிவிட்டார், ஒருவன் கதவைத் திறந்தால்கூட "எதைப் பிடித்து?" என்று கேட்டார். தவறினால் கதை மாறும் இடத்தில் மட்டும் கேள்வி, மற்ற இடங்களில் நடத்துநர் சும்மா விட்டுவிடலாம் என்று தளர்த்தினோம்.

அடுத்த தடவை மாற்றுவது

ஊரின் விவரங்கள் யாருக்குச் சொந்தம் என்பதை முதல் அமர்வுக்கு முன்னாலேயே பேசி முடிக்க வேண்டும். களம் சொந்த ஊர் என்றால் இது கட்டாயம். பாத்திரத் தாள் எழுதும்போதே, இதில் எதை நீங்கள் வாயால் செய்து காட்ட விரும்புகிறீர்கள், எதைப் பகடைக்கு விடப்போகிறீர்கள் என்று ஆளுக்கு ஆள் கேட்க வேண்டும். தங்கச்சியிடம் அதைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். சண்டைக்கு வெளியே ஒன்றோ இரண்டோ குறைந்து தவறினால் விலை கொடுத்து வெற்றி என்ற தெரிவு விதியையும் ஆரம்பத்திலேயே சேர்ப்போம். நாங்கள் அதைக் காலம் தாழ்த்தித்தான் எடுத்தோம்.

தீராத ஒன்றும் இருக்கிறது. நன்றாகக் கதைப்பவருக்கு ஒரு பரிசும் இல்லையா என்று பேச்சாளர் கேட்டார். மேசை ரசிப்பது பரிசுதான் என்று நடத்துநர் சொன்னார். பேச்சாளருக்கு அது போதவில்லை, எனக்கும் அது முழுப் பதிலாகத் தெரியவில்லை. பிறகு அவருடைய படைவீரன் யானைக் கொட்டிலில் செத்துப்போனான். புதிதாக அவர் எடுத்தது ஊர் ஊராகப் போகும் ஒரு கதாப்பிரசங்கி, வசீகரம் 17. இப்போது வாயும் தாளும் ஒரே பக்கம் இழுக்கின்றன, ஒரு பிரச்சினையும் இல்லை. ஆகவே இந்த ஏற்பாடு அவரிடம் உண்மையில் எடுபடுகிறதா என்று, அவர் மறுபடி வாய் செத்த ஒருவனை எடுத்து ஆடும்வரை சொல்ல முடியாது.